அக்கா சொன்ன பாட்டு

ரெக்கார்டு சுழலும்போது மாமா அதைப் பார்க்க மாட்டார். என் அக்காவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வடக்குத்து ஊரில் அவர்கள் இருந்த வீட்டின் முன்னறையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தப் பார்வைதான். ஊசியை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து அக்காவுக்கு நேர் எதிரில் போட்டு, முழங்கால் இடிக்கும் நெருக்கத்தில் உட்கார்ந்து, "ம், சொல்லு" என்பார். அக்கா சொல்லத் தொடங்குவாள். காது கேட்காமல் போன பிறகு அவர் பாட்டுக் கேட்டது அப்படித்தான்.

மாமா என்பது அக்காவின் கணவர். நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனென்ட் வேலையில் இருந்தார். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், ஒரே மகள். குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார். ஆனால் பேசவும் மாட்டார். ஷிப்ட் முடிந்து வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். அக்கா ஏதாவது சொன்னால் 'ம்' என்ற ஓர் ஒலி வரும். அது சம்மதமா, தூக்கமா என்று அவளே ஊகித்துக்கொள்ள வேண்டும். ரெக்கார்டுப் பைத்தியம் அவரைப் பிடித்தது, எல்லோருடைய பாட்டும் போனுக்குள் போய்விட்ட பிறகுதான். பக்கத்து பிளாக்கில் ரிட்டயர் ஆன ஓர் அதிகாரி வீட்டைக் காலிசெய்தபோது ஒரு பிளேயரையும் ஒரு பெட்டி நிறைய ரெக்கார்டுகளையும் பழைய சாமான்காரனுக்கென்று வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மாமா அவற்றைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கு வேலைக்குப் போன உடுப்பைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு வீடு மாறிவிட்டது. போனில் இந்தப் பைத்தியம் உள்ளவர்களின் குழுக்கள் இருந்தன; எந்த ஊரில் யார் என்ன விற்கிறார்கள் என்று படம் போடுவார்கள். அட்டையும் பழைய துணியும் சுற்றிய பார்சல்கள் வந்துகொண்டே இருந்தன. பீரோவில் அக்காவின் புடவைகள் இருந்த தட்டுகள் ரெக்கார்டுகளுக்குப் போயின. புடவைகள் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிக்குப் போயின. எங்கள் பக்கத்துக் காற்றில் எப்போதும் கரித்தூள் உண்டு. பழைய வேட்டித் துணியைக் கிழித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரெக்கார்டையும் குழந்தைக்குத் துடைப்பது மாதிரித் துடைப்பார். "எம் மூஞ்சிய ஒரு நாளு இப்டித் தொடச்சிப் பாத்ததில்லடி" என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். "இதெல்லாம் போன்லயே இருக்குப்பா" என்று மகள் கேலி செய்தால், "போன்னா வேற வேல பாத்துக்கினே கேப்ப. இதுக்கு ஒக்காரணும்" என்பார். அக்கா சமையலறைக்குப் போய்விடுவாள்.

காது போனதை அவர் முதலில் நம்பவில்லை. ரெக்கார்டு தேய்ந்துவிட்டது என்றார். ஊசியை மாற்றினார். ஸ்பீக்கரை மாற்றினார். அக்கா தூசி தட்டுகிறேன் என்று ஒயரைப் பிடித்து இழுத்திருப்பாள் என்று அவளிடம் கோபித்துக்கொண்டார். புல்லாங்குழல் முதலில் போயிற்று, பிறகு பெண் குரல்கள், கடைசியாக மத்தளம். புதுச்சேரி டாக்டர், நரம்பு செத்துவிட்டது, இனித் திரும்பாது என்றார். பெல்ட்டின் இரைச்சலா, பரம்பரையா என்று அவரும் உறுதியாகச் சொல்லவில்லை; மாமாவின் அப்பாவுக்கும் நாற்பதைத் தாண்டியபோது காது கேட்கவில்லை. காதுக்கு வைத்த மெஷின் தகரத்தை ரோட்டில் இழுத்துப் போவதுபோல் கேட்கிறது என்று கழற்றி எறிந்தார். மகள் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த இயர்போனும் அப்படியே. வேலையிலிருந்து ஓய்வுபெற்று வடக்குத்தில் கட்டிய சொந்த வீட்டுக்கு வந்தபோது, அவருக்கு முழுச் செவிடு. ஆனாலும் தினமும் சாயங்காலம் ஒரு ரெக்கார்டைத் துடைத்து வைத்து ஓட விட்டு, அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் அக்காவைக் கூப்பிட்டு, "இன்னா பாடுதுன்னு சொல்லேன்" என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்குப் பாட்டில் ஈடுபாடே கிடையாது; டிவி சீரியல்தான் அவள் உலகம். சீரியல் கதையைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்வதுபோலவே சொல்லத் தொடங்கினாள். "இப்ப வெறும் மத்தளம்... இப்ப அந்தப் பொம்பள வர்றா. அழுவுற மாதிரி இழுக்குறா, ஆனா அழுவல." மாமா தலையை ஆட்டுவார். சில சமயம் சத்தமாகச் சிரிப்பார். ஒரு வருடத்துக்குள் அவளுடைய உதட்டசைவை அவர் படித்துத் தேறிவிட்டார். வேறு யார் உதடும் அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போனில் தமிழில் தட்டிக் காட்டுவேன்.

நான் பண்ருட்டியில் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போவேன். அப்படிப் போன ஒரு ஞாயிறு சாயங்காலம், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தபோது ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் பாட்டு இல்லை. பீரோவுக்கு மேலிருந்த ஸ்பீக்கர்களிலிருந்து ஒரு சின்ன இரைச்சல்கூட வரவில்லை. ஃபேன் ஓடும் சத்தமும் அக்காவின் குரலும் மட்டும்தான். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா மடியிலிருந்த கையை லேசாக அசைத்தாள், பேசாதே என்று.

"ஒருத்தி வாசல்ல நிக்கிறா" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மா வூட்டுக்குப் போவணும்னு நிக்கிறா. அம்மாவுக்கு ஒடம்பு முடியல. இவன் வர்றேன்னுட்டுப் போனவன் வர்ல. உள்ள கொழந்த படுத்துக்கினு இருக்குது. உட்டுட்டுப் போவ முடியல. ரோட்டையே பாக்குறா. பஸ்ஸு ஒவ்வொண்ணாப் போவுது. கடசியில அம்மா போயிட்டாங்கன்னு சேதி வருது. அப்பறமாத்தான் இவன் வர்றான். வந்து நிக்கிறான், கையில ஒரு பொட்டிய வச்சிக்கினு."

நான் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். எங்கள் அம்மா குறிஞ்சிப்பாடியில் கிடந்து இறந்த நாள் அது. டவுன்ஷிப்பிலிருந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் வந்துவிடக்கூடிய தூரம். அன்று மகளுக்கு அம்மை போட்டிருந்தது. பிள்ளையை விட்டு வரவும் முடியாது, தூக்கி வரவும் முடியாது. மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன், பிறகு நீ கிளம்பு என்று மாமா காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போனது புதுச்சேரிக்கு. அங்கே யாரோ வீட்டைக் காலிசெய்கிறார்கள், ரெக்கார்டு இருக்கிறது என்று. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார், போனையும் எடுக்கவில்லை. அம்மா கடைசிவரை "பெரியவ வந்துட்டாளா" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா வந்து இறங்கியபோது அம்மாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தோம். அதைப் பற்றி அக்கா மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னிடமும் பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்றுகூட நான் நினைத்திருந்தேன்.

அக்கா சொல்லி முடித்தாள். மாமாவின் கண் கலங்கியிருந்தது. "நல்ல பாட்டு" என்றார். எழுந்து போய் ஊசியைத் தூக்கி மறுபடி ஆரம்பத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "இன்னொரு வாட்டி சொல்லு." அக்கா இன்னொரு முறை சொன்னாள். ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள்.

சமையலறையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் டீக்குத் தண்ணீர் வைத்தபடி, "அது போயி ரொம்ப நாளாச்சுடி. வெளக்கு எரியுது, சத்தம் வர்ல" என்றாள்.

"சொல்லிட வேண்டிதான?"

"சொன்னா ரிப்பேருக்குன்னு மெட்ராஸ் கெளம்பிடுவாரு. காது கேக்காத மனுசன் ரோட்டத் தாண்ட வாணாமா?" என்றவள், டீத்தூள் டப்பாவைத் திறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "இத்தினி வருசத்துல இப்பத்தான்டி நான் பேசறத அவரு ஒக்காந்து பாக்குறாரு. பாட்டு வந்தா பாட்டத்தான சொல்லணும்?"

அடுத்த ஆண்டு அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கட்டி என்று மாமாவுக்குச் சொன்னோம். என்ன கட்டி என்று அவராகத் தெரிந்துகொண்டார். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக வர இருந்த அந்த மாதங்களில் அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்து, தொண்டையில் குழாய் வைத்தபோது முற்றிலும் நின்றது. நர்சுகளுக்கு அவள் சொல்வது புரியாது. எனக்கும் பாதிதான் புரியும். மாமாவுக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. "காலு மரத்துப் போச்சாம், திருப்பிப் போடச் சொல்றா" என்று வார்டே கேட்கும்படி கத்துவார். அவள் குரல் போனதே அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்திருந்த நாட்களில், கட்டிலுக்குப் பக்கத்தில் பிளேயரை நகர்த்தி வைத்து ரெக்கார்டை ஓட விடுவார். சத்தமில்லாத பிளேயர், குரலில்லாத அக்கா, காது கேட்காத மாமா. அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். என்ன சொல்கிறாள் என்று அந்த அறையில் எனக்குத்தான் தெரியாது. ஒரு பிற்பகல், ரெக்கார்டு பாதி ஓடியிருந்தபோது அவள் உதடு அசைவது நின்றது. மாமா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "ம், சொல்லு" என்றார்.

கருமாதி முடிந்து சில மாதங்களில் மகள் அவரைப் பெங்களூருக்கு அழைத்தாள். அவளுடைய அடுக்குமாடி வீட்டில் ரெக்கார்டுகளுக்கு இடமில்லை. புதுச்சேரியிலிருந்து ஓர் இளைஞன் அவற்றை வாங்கிக்கொள்ள வந்தான். இப்போதெல்லாம் அந்த வயதுப் பிள்ளைகள்தான் இதற்கு அலைகிறார்கள். மரியாதையான பையன். ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பிறகு ஒன்றைப் பிளேயரில் வைத்தான். குனிந்தான், திருகைத் திருப்பினான், பின்பக்கம் எட்டிப் பார்த்தான். "சவுண்டே வரலியே மேடம்" என்றான் என்னிடம்.

அவன் கை விரிப்பை மாமா பார்த்துவிட்டார். "இன்னா சொல்றாரு?"

நான் போனில் தட்டிக் காட்டினேன். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் மாமா.

"நேத்துக்கூட ஓடிச்சே. வெளக்கு எரியுதே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எப்பலேந்து?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் விரல் அதைத் தட்டவில்லை. அக்கா நல்லாருந்தப்பவே, என்று தட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு எதிரிலிருந்த நாற்காலி காலியாக இருந்தது. பையன் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

"என்னிய ஏமாத்திக்கினு இருந்தாளா?" என்று கேட்டார். கோபம்தான். பெண்டாட்டி செத்து ஆறாத ஆளுக்கு வரக்கூடிய கோபம் எல்லாம் வந்தது. வேலையற்றவள் என்றார், செவிடன்தானே என்று விளையாடியிருக்கிறாள் என்றார். பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது.

"பாப்பா, அந்த வாசல்ல நிக்கிற பொண்ணு பாட்டு? அம்மா வூட்டுக்குப் போவணும்னு?"

தலையசைத்தேன்.

"அது பாட்டு இல்லியா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"நல்லாருக்குன்னு சொன்னனே பாப்பா. இன்னொரு வாட்டி சொல்லச் சொன்னனே."

அன்று ரெக்கார்டுகளை அவர் விலை பேசவில்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ என்று பையனிடம் கை காட்டினார். பிளேயரையும் சேர்த்துத்தான். அவன் தயங்கித் தயங்கி வண்டியில் ஏற்றினான். மாமா ஒரு முறைகூட வெளியே வந்து பார்க்கவில்லை.

பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், குறிஞ்சிப்பாடிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். எங்கள் அம்மா இருந்த வீட்டை எப்போதோ விற்றாயிற்று. இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். உள்ளே போக முடியாது. தெருவில் எதிர்ப்புறம் ஒரு வேப்பமர நிழலில் நின்றோம். காலை வேளை. ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். காது கேட்காதவர்கள் பேசுவதுபோல், தெருவே திரும்பிப் பார்க்கும்படி அவர் கேட்டார்: "எந்த ரூம்ல படுத்துருந்தாங்க?"

நான் ஜன்னலைக் காட்டினேன்.

அவர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என் வாயைப் பார்த்தபடி, "அன்னிக்கு இன்னா நடந்துச்சி, சொல்லு" என்றார். நான் போனை எடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆனாலும் முடிக்கும்வரை அவர் என் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.