இரண்டு கிலோ தொண்ணூறு கிராம்

என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் நான்காக மடித்த ஒரு சீட்டு இருக்கிறது. சித்தேரி மலையிலிருந்து நர்ஸ் ஒருவர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய மருந்துச் சீட்டு. பிறந்து ஆறு நாளான ஆண் குழந்தை, எடை 2 கிலோ 90 கிராம் என்று நீல மையில் எழுதியிருக்கிறது. இத்தனை வருடத்தில் அதை எத்தனை முறை பிரித்தேன் என்பது ஒன்றுதான் நான் எண்ணாமல் விட்டது.

அப்போது நான் அரூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். காரிமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண்மணி அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். புரோகிராம் மேடம் என்போம். மலையில் சிக்னல் நிற்காது. அதனால் குழந்தையின் எடையைப் போட்டால் நர்ஸின் போனில், பிரவுசருக்குள்ளேயே மருந்தளவு வரும்படி ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினார். சிக்னல் கிடைக்கும்போது ஆஸ்பத்திரி சர்வர் அதை மறுபடி கணக்கிட்டுச் சரிபார்த்து, பச்சைக் குறி போடும். இரண்டு இடத்திலும் ஓடியது ஒரே புரோகிராம்.

அதுதான் எனக்குப் பயம். மருந்தகத்தில் நான் எண்ணிய மாத்திரையை உதவியாளர் என் எண்ணிக்கையைப் பார்க்காமல்தான் மறுபடி எண்ணுவார். ஒரே ஆள் இரண்டு முறை எண்ணுவது எப்படிச் சரிபார்ப்பாகும் என்று கேட்டேன்.

“வேற வேறயா எழுதுனா ஒண்ண திருத்திட்டு இன்னொண்ண மறந்துருவோங்க சார். ஒரே ஃபைலா இருந்தா ஒரே எடத்துல திருத்துனா போதும்” என்றவர் சிரித்தார். “மாடிப்படிய எண்ணுறீங்க, என் புரோகிராம் வரியையும் எண்ணிப்புட்டீங்களா?”

எண்ணியிருந்தேன். நூற்றுப் பதினெட்டு.

அந்தச் சீட்டு மதியம் வந்தது. காலையில் சற்று சிக்னல் கிடைத்து, அதே குழந்தையின் பதிவு சர்வருக்கும் வந்திருந்தது. அதில் எடை 2.90, பக்கத்தில் பச்சைக் குறி. போனில் எடை போட கிலோவுக்கு ஒரு கட்டம், கிராமுக்கு ஒரு கட்டம். இரண்டுக்கும் நடுவே புள்ளி வைத்து ஒட்டியிருந்தது புரோகிராம். 2.09 ஆக வேண்டியது 2.90 ஆகிவிட்டது. போனும் சர்வரும் ஒரே தப்பைச் செய்து, ஒன்றையொன்று ஆமோதித்திருந்தன. கிட்டத்தட்ட ஒன்றரைப் பங்கு மருந்து. அளவு மீறினால் காது கேட்காமல் போகக்கூடிய மருந்து. மாலை ஐந்து மணிக்கு அடுத்த ஊசி.

மேடத்திடம் சீட்டைக் காட்டினேன். நான்கு நிமிடத்தில் திருத்திவிட்டார். ஆனால் சிக்னல் வரும்வரை மலைமேல் போனில் பழைய புரோகிராம்தான். இருபத்தாறு முறை போன் செய்தேன்; போகவில்லை. ஆஸ்பத்திரி ஜீப்பில் இருவரும் கிளம்பினோம். மலைப்பாதை வளைவுகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன்.

“எண்ணாதீங்க சார்” என்றார் மேடம்.

மனதுக்குள் எண்ணினேன். போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். மேடம் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

“காலைல ஒண்ணு போட்டாச்சுங்களே மேடம்! பச்சை காட்டுச்சுங்களே!”

ஒரு ஊசியால் பெரும்பாலும் கெடுதல் வராது, ஆனாலும் சில மாதம் காதைக் கவனியுங்கள் என்றார் டாக்டர். அதற்கு முன் பதிவான பதினான்கு குழந்தைகளையும் பார்த்தோம். வேறு யாருக்கும் கிராம் நூறுக்குக் கீழே இல்லை. சர்வரில் எடைக் கணக்கை மட்டும், தன் புரோகிராமைப் பார்க்காத வேறொருவரை வைத்து மேடம் தனியாக எழுதவைத்தார். அதன்பின் மாதம் ஒரு ஞாயிறு மலையேறி, அந்தக் குழந்தையின் முதுகுப்பக்கம் நின்று டம்ளரில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவார். ஆறாவது மாதம் அது சட்டெனத் திரும்பிப் பார்த்ததாம். திங்கட்கிழமை மருந்தகத்துக்கு வந்து, “திரும்பிட்டான் சார்” என்றவர், அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

போன மாதம் என் பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை போட்ட நர்ஸ், “மூணு கிலோ நாப்பது கிராமுங்க தாத்தா, எல்லாம் பச்சைதான்” என்று போனைக் காட்டினார். கூட்டைத் திறந்து கண்ணாடியை மாட்டினேன். சீட்டு மடியில் விழுந்தது. புள்ளிக்குப் பின்னால் பூஜ்யத்தைத் தேடினேன். இருந்தது. மூன்று முறை பார்த்தேன். அப்புறமும், யாரும் கவனிக்காதபோது, குழந்தையின் காதருகே மெல்ல ஒரு சொடுக்குப் போட்டேன்.