எட்டு இல்லாத கையேடு

மதியம் இரண்டரை மணி. ஆறு மாடிக் குடியிருப்பின் உச்சியில், மோட்டார் அறையில், லிஃப்ட் மெக்கானிக் பிரேக்கைக் கழற்றிப் பரப்பிவைத்திருந்தார். போன் அடித்தது. மனைவி.

"உங்க வெப்சைட்டுக்கு இன்னைக்கு நாலு மணிக்கு மூடுவிழாவாம். தெரியுமா?"

"என்ன உளர்ற?"

"உங்க பழைய மெயில் கணக்கைத் திறந்து பார்த்தேன். நோட்டீஸ் வந்து ஒன்பது நாளாச்சு. நாலு மணிக்குள்ள பதில் போகலேன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவாங்களாம்."

டிவியில் இணைத்து, கேசட்டிலிருந்து புரோகிராம் ஏற்றி ஓட்டும் ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டருக்கான வெப்சைட் அது. கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனி மூன்றே வருடத்தில் கதவைச் சாத்திவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரை இன்னும் ஓட்டுகிற முந்நூறு பேருக்காக இவர் இருபத்திரண்டு வருடமாக ஒரு தளம் நடத்துகிறார். கம்பெனி கொடுத்தது பன்னிரண்டு பக்கத் துண்டுப் புத்தகம். புரோகிராம்களோடு நூற்றுப்பத்துப் பக்கக் கையேட்டை எழுதியவர் இவர். இப்போது யாரோ ஒருவர் அந்தச் செத்த கம்பெனியின் பெயரை மட்டும் விலைக்கு வாங்கி, 'எங்கள் கையேட்டைத் திருடிப் போட்டிருக்கிறார்' என்று புகார் கொடுத்திருக்கிறார். தளத்துக்கு இடம் வாடகைக்கு விடும் நிறுவனம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நிர்வாகக் கணக்கைப் பூட்டிவிட்டது. உழைத்தவன் நிரூபிக்க வேண்டும். குற்றம் சாட்டுகிறவனுக்கு லெட்டர்பேடு போதும். உலகம் முழுக்க இதே நியாயம்தான்.

இனி தளத்தை மொத்தமாக நகலெடுக்க வழியில்லை; அவரிடம் இருந்த நகல் ஏழு மாதம் பழையது. அந்த ஏழு மாதத்தில்தான் கடிகாரக்காரர் என்கிற உறுப்பினர், எரிந்துபோன பவர் சப்ளையை உயிர்ப்பிக்கும் வழியை ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுதினார். இருநூறு பேருடைய கேள்விகளுக்கு அடியில் சிறுசிறு பதில்களாக. போன மாதம் இறந்துவிட்டார். மனைவி பக்கம் பக்கமாகச் சேமிக்கத் தொடங்கியிருந்தாள். நாலு மணிக்குள் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

"மாமாவுக்கு நேரம் சரியில்லை" என்று பின்னாலிருந்து மைத்துனன் குரல் கேட்டது.

"நேரமெல்லாம் கச்சிதமா ஓடுது. ஆளுங்கதான் சரியில்லைன்னு அவன்கிட்ட சொல்லு."

போனை வைத்தார். பிரேக்கை அப்படியே விட்டுவிட்டு ஓட முடியாது. கீழே காவலாளி யாரையாவது ஏற்றிவிட்டால் உயிர் போகும். ஸ்பிரிங்கை மாட்டினார்.

மறுபடி போன். பல் டாக்டரம்மா, தளத்தில் உறுப்பினர்கள் பேசிக்கொள்ளும் ஃபோரத்தில் சண்டைகளை அடக்குகிறவர்.

"அண்ணா, அக்கா சொன்னாங்க. கம்பெனிப் பேரை வாங்கினவங்க விக்கிற கையேட்டை இப்பத்தான் டவுன்லோடு பண்ணேன். சேர்ல ஒருத்தருக்கு மரத்துப்போக ஊசி போட்டிருக்கேன், பத்து நிமிஷம் இருக்கு. நாப்பத்தோராம் பக்கம் பாருங்க. புரோகிராம்ல எழுபதாவது வரிக்கு அடுத்து என்ன?"

"தொண்ணூறு."

"அதேதான்! எட்டு வர இடத்துல எல்லாம் நாலு கூட்டல் நாலு. உங்க ஓட்டைக் கீபோர்டை அப்படியே அச்சடிச்சு வித்திருக்காங்க!"

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். கையேட்டைத் தட்டச்சு செய்த வருடம் அவருடைய கீபோர்டில் எட்டை அடிக்கும் சாவி உடைந்திருந்தது. புரோகிராம் வரிகளுக்குப் பத்து பத்தாக எண் போடும்போது எண்பதைத் தாண்டிப் போனார். எட்டு தேவைப்பட்ட இடத்தில் 4+4 என்று அடித்தார். ஃபோரத்தில் இன்றுவரை அவர் பெயர் 'நாலுநாலு'. எத்தனையோ பேர் திருத்தச் சொன்னார்கள். ஓடுகிறதே, எதற்கு என்று விட்டுவிட்டார்.

"டாக்டரம்மா, நாலு பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்க. நோயாளி எழுந்து ஓடிடப் போறார்."

"வாயைத் திறந்துகிட்டே சிரிக்கிறார்ணா."

பிரேக்கை முடுக்கி, மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தார். மூன்று முப்பத்தெட்டு. மனைவி கீபோர்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். எட்டாம் சாவி இருந்த இடத்தில் வெறும் குழி. படங்களைச் சேர்த்து, வாடகை நிறுவனத்துக்குக் கிரீஸ் விரலால் பதில் தட்டினார்: 'இது என் உடைந்த சாவி. இது என் கையேடு. இது 2004இல் நண்பர்கள் என்னைக் கேலி செய்த பக்கம். இது அவர்கள் விற்கும் புத்தகம். எட்டே இல்லாத கம்ப்யூட்டரை எந்தக் கம்பெனி விற்கும் என்று அவர்களைக் கேளுங்கள்.'

மூன்று ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது.

நாலு மணிக்குத் தளம் காணாமல்போனது. வெள்ளைத் திரை. படிக்கட்டில் உட்கார்ந்து போனில் தளத்தின் முகவரியைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். காவலாளி கேட்டார், "லிஃப்ட் போகலாமா சார்?" தலையாட்டினார்.

நாலு பதினேழுக்குத் தளத்தின் முகப்பு மறுபடி வந்தது. கடிகாரக்காரரின் கடைசிப் பதில் அதே இடத்தில் இருந்தது. கூடவே ஒரு வரி மெயில்: புகார் நிறுத்திவைக்கப்படுகிறது, புகார்தாரரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம்.

அடுத்த வாரம் புகார் சத்தமில்லாமல் திரும்பப் பெறப்பட்டது. மன்னிப்புக் கடிதம் எதுவும் வரவில்லை. பல் டாக்டரம்மாவிடமிருந்து ஒரு சிறிய பொட்டலம் வந்தது. உள்ளே, வேறொரு கீபோர்டிலிருந்து பிடுங்கிய எட்டாம் சாவி.

"இப்பவாவது மாட்டலாமே" என்றாள் மனைவி.

"சாட்சி சொன்னவன் வாயை அடைக்கச் சொல்றியா?" என்று சாவியை மேசை இழுப்பறையில் போட்டார். பிறகு உட்கார்ந்து முழுத் தளத்தையும் நகலெடுத்தார். ஒன்று அல்ல, மூன்று.