போயா நாளில் போன கிளினிக்

படுக்கையில் இருக்கும் என் மாமியை, கணவரின் தாயை, மூன்று வருடங்களாக நான்தான் பார்க்கிறேன். வியாழக்கிழமைகளில் மாதர் சங்கத்திலிருந்து ராணி வந்து மூன்று மணித்தியாலம் அவரோடு இருப்பாள். எனக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. ஆனால் ஓய்வு வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படியொரு வியாழக்கிழமை, “நெஞ்சு நோகுது மாமி, கிளினிக்குக்குப் போட்டு வாறன்” என்று பொய் சொன்னேன். அவர் முகம் வாடியதைக் கண்டும் நிற்காமல் வெளிக்கிட்டேன்.

பஸ் ஏறிப்போய் ஆனையிறவில் இறங்கி, உப்புக் காற்றில் சும்மா இருந்தேன். பால் விடாத ஒரு பிளேன்ரீயை ஆறவிடாமல் குடித்து முடித்தேன்.

டொக்டர் சொன்னதாகச் சொல்ல ஒரு கதையும் தயாரித்துக்கொண்டு திரும்பினேன். ராணி வாசல் படலையடியில் நின்றாள்.

“அக்கா, இண்டைக்குப் போயா, பௌர்ணமி லீவு. கிளினிக் இல்லை.”

நான் படலையைத் திறந்தேன்.

“எனக்கும் நினைவில்லை. உங்களுக்கு என்னவோ எண்டு மாமி அழுதுகொண்டு கிடந்தவா. பிறகு கலண்டரைப் பார்த்துப்போட்டுச் சிரிச்சவா. ‘அவளுக்கு நோய் வருத்தமொண்டும் இல்லை. களைச்சுப்போனாள், பாவம். வந்தால் ஒண்டும் கேளாதை’ எண்டவா. என்னாலைதான் சொல்லாமல் இருக்கேலாமப் போச்சு.”

உள்ளே போனேன். மாமி நித்திரை போலக் கண்ணை மூடிக் கிடந்தார். கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடு இருந்தது.

கட்டிலுக்கு எதிரே தொங்கும் அந்தக் கலண்டரில் தினமும் தாள் கிழிப்பவள் நான்தான். அன்றைய சிவப்புத் தேதி என் கண்ணில் படவேயில்லை. அது கண்ணில் பட்டிருந்தால் வேறொரு பொய் சொல்லியிருப்பேன் என்பதை நினைக்கத்தான் இன்னும் கூசுகிறது.