மாம்பேலே என்று கூப்பிடுங்கள்

இத்தாலியில், கால்சா என்ற பகுதியில், ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது அந்த ஊர்ச் சீமாட்டியின், வீட்டில் நான் சமையல் வேலை செய்தேன். அவரைப் பராமரிக்கத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கோசா இனத்துப் பெண் ஒருவர் இருந்தார். ஐம்பது வயது, அகன்ற தோள்கள், எதற்கும் அவசரப்படாத நடை. சிஞ்ஞோரா தன் மொழியில் அவரை, சின்னப் பெண்ணைப்போல, "எடி பெட்டை" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் சிஞ்ஞோரா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அன்று மட்டும் அந்தப் பெண் ஓடினார். தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினார். நல்லகாலம், எலும்பு முறியவில்லை. நடுக்கம் தணிந்ததும் சிஞ்ஞோரா, "உனக்கு நான் என்ன தர?" என்று கேட்டார்.

"ஒண்டும் வேண்டாம். எங்கடை ஊரிலை நன்றி சொல்லேக்கை குலப்பேரைச் சொல்லுவினம். அதுதான் மரியாதை. நான் மாம்பேலே. என்ரை அப்பாவின்ரை குலப்பேர். கலியாணம் கட்டியும் அது மாறேல்லை."

சிஞ்ஞோரா இரண்டு தரம் தடுமாறிவிட்டுச் சரியாக நன்றி சொன்னார்: "கிராட்சியே, மாம்பேலே."

மாம்பேலேயின் முகம் மலர்ந்தது. பிறகு என்னிடம் திரும்பினார்.

"உன்னை மரியாதையாய் எப்பிடிக் கூப்பிடுவினம்?"

"அன்ரனின்ரை அம்மா எண்டு."

"அன்ரன் பிறக்க முதல்?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். பின்னேரம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது கலியாணத்தோடு விட்டுப்போன அப்பாவின் பெயரோடு என் பெயரைச் சேர்த்து வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.