பொன்சிறகுக்கு ஒரு பழைய உறை

என் கொழுந்தனாருக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. நாளெல்லாம் கிரீஸோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர், வந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்ப்பார். சாப்பிட அல்ல, கார்டுகளைத் தொட.

படம் போட்ட விளையாட்டுக் கார்டுகள். மிருகம், பறவை, வீரன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம்; கலைத்துக் குப்புற வைத்த கார்டுக் கட்டிலிருந்து எடுத்து எதிராளியுடையதோடு மோதவிட வேண்டும். முதலில் சூதாட்டமோ என்று பயந்து கடவுளிடம் முறையிட்டேன். காசு வைத்து ஆடுவதில்லை என்று தெரிந்ததும் அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கார்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை உண்டு. முன்பக்கம் கண்ணாடி போலத் தெரியும், பின்பக்கம் கறுப்பு. கார்டுகளில் பொன்சிறகு என்ற பறவைதான் அவருக்கு உயிர், எளிதில் கிடைக்காதது. கீறல் விழுந்துவிடுமே என்று அதைப் போட்டிக்கே கொண்டுபோனதில்லை.

“கல்யாணம் பண்ணிக்கோடான்னா, பறவைக்குச் சட்டை மாட்டிக்கிட்டு இருக்கான்” என்பார் என் கணவர்.

இந்த வருஷப் போட்டிக்குக் கொழுந்தனார் துணிந்துவிட்டார். “ஒரே ஒரு வாட்டி பறவை மேசைல இறங்கணும் அண்ணி. அப்புறம் தோத்தாலும் கவலையில்ல.” போட்டியன்று காலையில் கட்டிலிருந்து ஓர் ஆமைக் கார்டை உறையோடு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த இடத்துக்குப் பறவை வந்தது, அதற்கென்றே வாங்கிய புத்தம்புது உறையில்.

நானும் கூடப் போனேன். மரச்சாமான் கடைக்கு மேலே ஒரு கூடம். நடுவர் வட்டக் கண்ணாடி போட்ட பெண். ஆட்டத்துக்கு முன் கட்டைக் குப்புறப் பரப்பிப் பார்த்தவர், ஒரு கார்டை மட்டும் விரலால் இழுத்தார்.

“இதுதானே உங்க பொக்கிஷம்?”

திருப்பினால் பொன்சிறகு!

“எப்படி மேடம்?”

“மத்த உறையெல்லாம் தேஞ்சு மங்கிப்போச்சு. இது மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி மினுக்குது. எடுக்கறதுக்கு முன்னாடியே இதுதான்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுமே. வேணும்னு செய்யலைன்னு புரியுது சார். ஆனா எல்லா உறையும் ஒண்ணுபோல இருக்கணும். மாத்துங்க, இல்லன்னா இதை வெளிய எடுத்துடுங்க.”

வாசலில் விற்ற உறைகளெல்லாம் தீர்ந்துபோயிருந்தன. கொழுந்தனாரின் முகம் சுருங்கியது. பத்திரப்படுத்தப் போய்ப் பறவை கூண்டுக்கே திரும்பிவிடும் போலிருந்தது.

“தம்பி, அந்த ஆமையோட சட்டையைக் கழட்டி இதுக்குப் போடுங்களேன்” என்றேன்.

“அது பழசு அண்ணி. ஓரமெல்லாம் தேஞ்சிருக்கு.”

“கிழிஞ்சிருக்கா?”

“கிழியல...”

“அப்புறம் என்ன? எல்லாப் பிள்ளைங்களும் போட்டுக்கற சட்டைதானே?”

எதிராளியாக எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு பேக்கரிக்காரர். அவர், “போடுங்க சார். நானும் அந்தப் பறவையை ஆட்டத்துல பாத்ததே இல்ல” என்றார்.

கொழுந்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினார். நடுவர் கலைத்து மறுபடி பரப்பித் தேடிப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

ஆட்டம் தொடங்கியது. நான் நாற்காலியில் கைகூப்பி உட்கார்ந்திருந்தேன். பாதி ஆட்டத்தில் ஒரு கார்டை எடுத்த கொழுந்தனார் துள்ளி எழுந்தார்.

“அண்ணி! பறவை வந்துடுச்சு!”

கூடமே திரும்பிப் பார்த்தது.

“கையில என்ன இருக்குன்னு சொல்லக்கூடாதுன்னு விதி இல்ல சார். ஆனா யாரும் சொல்றதில்ல” என்றார் நடுவர்.

பேக்கரிக்காரர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. கொழுந்தனார் பொன்சிறகை இறக்கினார். பக்கத்து மேசைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பேக்கரிக்காரர் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஆண்டவனே, அழகு என்றால் அப்படி ஓர் அழகு!

ஆட்டம் கொழுந்தனாருக்குத்தான். “முன்கூட்டியே சொல்லிட்டு அடிக்கிறார், தடுக்க முடியலயே!” என்று பேக்கரிக்காரர் கை குலுக்கினார்.

அடுத்த ஆட்டத்துக்குக் கொழுந்தனார் கட்டைக் கலைத்தார். பறவை இப்போது எங்கே என்று கேட்டேன்.

“எங்கேயோ உள்ள இருக்கு அண்ணி, எனக்கே தெரியல” என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டு, இன்னொரு தரம் கலைத்தார்.