இடது கைத் துவக்கு

நிருஜாவுக்குத் துவக்கு வாங்கும் எண்ணம், சொந்தமாக ஒரு வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் எண்ணம், ஒரு மூடுபனிக் காலையில்தான் வந்தது.

அவள் ரொறொன்ரோவில், வீதித் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் ஓட்டுபவள். மட்டக்களப்பிலிருந்து பெற்றோரோடு சிறுமியாக வந்து, சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிக் கட்டடம் ஒன்றில் வளர்ந்தவள். இப்போது கணவன் டிலக்சனோடு நகருக்கு வெளியே விட்பியில் இருக்கிறாள். காலை வேலைக்கு விடியுமுன்பே காரை எடுத்துவிடுவாள். புது வீடுகளின் வரிசை முடிந்து சோள வயல்கள் தொடங்கும் இடத்தில் அன்று அவ்வளவு பனிப்புகார். அதற்குள் ஒரு மான் வீதியின் நடுவில் உட்கார்ந்திருந்தது.

மான் உட்கார்ந்திருக்கும் விதம் சரியில்லை என்பது இறங்கிக் கிட்டப் போனபோதுதான் தெரிந்தது. எந்த வாகனமோ அடித்துவிட்டுப் போயிருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் அசையவில்லை. முன்னங்கால்களால் எழும்பப் பார்த்துப் பார்த்து விழுந்தது. நிருஜா பொலிசுக்குப் போன் அடித்துச் சொல்லிவிட்டு வீதியோரத்தில் நின்றாள். மானின் மூச்சு ஆவியாக எழுந்து பனியோடு கலந்துகொண்டிருந்தது. அவளுடைய மூச்சும் அப்படித்தான். எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

வந்த பொலிஸ்காரி இளம் வயதுக்காரி. மானைப் பார்த்தாள், நிருஜாவைக் காருக்குள் போய் இருக்கச் சொன்னாள். பிறகு ஒரு வெடி.

நிருஜா அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சின்ன வயதில் அவள் கேட்ட வெடிகள் தனியே வந்ததில்லை. ஒன்றன் பின் ஒன்றாக வரும், அதன் பிறகு எங்கேயோ ஒரு வீட்டில் அழுகுரல் எழும்பும். இங்கே ஒன்றுமே வரவில்லை. பனி கலையக்கூட இல்லை. மானின் வலி நின்றுவிட்டது, அவ்வளவுதான். பின்னால் வந்து நின்ற பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் பொலிஸ்காரியிடம் கேட்டு மானை ஏற்றிக்கொண்டார். குளிர்காலம் முழுக்கத் தன் வீட்டுக்கு இறைச்சி இருக்கும் என்று நிருஜாவிடம் நன்றி சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று முழுவதும் கார்ல்டன் வீதித் தண்டவாளத்தில் வண்டி மிதந்து போவதுபோல இருந்தது அவளுக்கு. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். கண்ணாடிக்கு வெளியே நகரம் பாலில் கரைந்ததுபோல வெளுத்துக் கிடந்தது.

ஓய்வறையில் இதை றொய்சனிடம் சொன்னாள். அவனும் ஸ்ட்ரீட்கார் ஓட்டுபவன்தான், அவளைவிட இளையவன். ஒவ்வொரு நவம்பரும் ஹலிபேர்ட்டன் காடுகளுக்கு மான் வேட்டைக்குப் போகிறவன் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அடுத்த நாள் உறைய வைத்த மான் இறைச்சிப் பொதி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"கறி வைச்சுப் பாருங்கோ அக்கா. மிளகு கொஞ்சம் கூடப் போடுங்கோ."

வைத்தாள். டிலக்சன் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டான். அது நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டாள். துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனாள், சோதனை எழுதினாள், வேட்டைக்காரர் வகுப்புக்கும் போனாள். அனுமதி அட்டை தபாலில் வந்தது. இது தானாக அடங்கிவிடும் என்று அதுவரை பேசாமல் இருந்த டிலக்சன், அட்டையைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே இருந்தான்.

"உண்மையாவே வாங்கப் போறீரோ?"

"ஓம்."

"துவக்குக்குப் பயந்து ஓடித்தான் இஞ்சை வந்தனாங்கள். இப்ப நாங்களே காசு குடுத்து வீட்டுக்குள்ளை கொண்டுவாறதோ?"

"எனக்கு விளங்குதப்பா."

"பிறகேன்?"

அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். "அண்டைக்குக் கேட்ட சத்தம் ஆரையும் அழ வைக்கேல்லை. அப்பிடியும் ஒரு வெடி இருக்கெண்டு எனக்குத் தெரியாது. அதை நானே சுட்டுக் கேக்கும்வரை சும்மா இருக்கமாட்டன் போலை கிடக்கு."

"கடைக்குக் கார் ஓட்டிக்கொண்டு வாறன். துவக்கைத் தொடமாட்டன்," என்றான் டிலக்சன்.

கடையில் நீண்ட சுவர் முழுக்கத் துவக்குகள் நின்றன. றொய்சனும் வந்திருந்தான். மலிவான போல்ட் அக்ஷன் ஒன்றே போதும் என்று முதலே சொல்லியிருந்தான். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கையால் போல்ட் எனும் இரும்புத் தண்டை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை அது. பழுதாவதற்கு அதில் அதிகமாக ஒன்றும் இல்லை.

"விலையைப் பாக்காதேங்கோ அக்கா. முதலிலை தோளிலை வைச்சுப் பாருங்கோ. கண்ணை மூடித் தூக்கிவைச்சுத் திறந்தால் குறி பாக்கிற தொலைநோக்கி கண்ணுக்கு நேரா நிக்கோணும்."

விற்பனையாளர் முதலில் கொடுத்த துவக்கின் உடல் வால்நட் மரம். தேன் நிறத்தில் ரேகைகள் ஓடின. தோளில் வைத்தாள், கன்னம் மரத்தில் படிந்தது. அவளுக்கு அப்படியே அதனோடு வீட்டுக்குப் போய்விட வேண்டும்போல இருந்தது. ஆனால் அவள் இடது கைக்காரி. போல்ட் வலது பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் இடது கையை விட்டு, துவக்குக்கு மேலால் எட்டிப் பிடித்து இழுக்க வேண்டும். அதற்குள் கன்னம் விலகிவிடும், பார்த்த இடம் தொலைந்துவிடும்.

"கன இடதுகைக்காரர் உப்பிடியே பழகிக்கொண்டவை," என்றான் றொய்சன்.

விற்பனையாளர் யோசித்துவிட்டு உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். கறுப்புப் பிளாஸ்ரிக் உடல், தண்ணீர்க் குழாய் மாதிரி. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போல்ட் இடது பக்கத்தில் இருந்தது. தொலைநோக்கியும் பூட்டியே வந்தது. மரத்துவக்கைவிட விலையும் குறைவு. நிருஜா போல்ட்டை இழுத்துத் தள்ளினாள். பிறகு மற்றதை எடுத்து அதையும் இழுத்தாள். மனம் மரத்தின் பக்கமே போனது.

டிலக்சன் தூரத்தில் தூண்டில்களைப் பார்ப்பதுபோல நின்றான். அவன் ஒஷாவாவில் கார் உதிரிப்பாகங்கள் வெட்டும் ஆலையில் மெஷினிஸ்ட். இரும்பு இரும்பில் உரசும் சத்தத்தைக் கேட்டால் அவனுடைய தலை தானாகத் திரும்பும். திரும்பியது. மெல்ல வந்து பக்கத்தில் நின்றான்.

"இன்னொருக்கால் செய்யும்."

அவள் செய்தாள்.

"மற்றதையும்."

விற்பனையாளரிடம் இரண்டு போல்ட்களையும் கழற்றித் தரக் கேட்டான். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினான். பூட்டும் பற்களைப் பெருவிரலால் தடவினான். முகம் வேலையில் இருக்கும் முகமாக மாறியிருந்தது.

"இரண்டும் நல்லாத்தான் வெட்டியிருக்கிறாங்கள். கூடக் காசு மரத்துக்குத்தான். கறுப்பு முதலிலை கொஞ்சம் உரசும், நூறு தரம் இழுத்தால் வழுக்கும். உமக்கு உதுதான், நிரு."

சொல்லி முடித்த பிறகுதான் தன் கையில் இருப்பதைப் பார்த்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் போல்ட்டை மேசையில் மெதுவாக வைத்தான்.

றொய்சன் பெரிய தோட்டா சுடும் துவக்கையே எடுக்கச் சொன்னான். நிருஜா கறுப்பிலேயே, சுடும்போது தோளில் உதைப்புக் குறைந்த சிறிய தோட்டா ரகத்தைக் கேட்டாள். மானுக்கு அது தாராளம் என்று விற்பனையாளரும் சொன்னார், அதையே வாங்கினாள்.

கோடை முழுவதும் நிருஜா சுட்டுப் பழகினாள். சுடும் திடலுக்கு டிலக்சன் கூடப் போவான், காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருப்பான். ஒக்டோபரில் ஒரு நாள் திரும்பிப் பார்த்தபோது, காதுகளை மூடும் கவசத்தைப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றான்.

நவம்பரில் ஹலிபேர்ட்டனுக்குப் போனார்கள். றொய்சனின் நண்பர்களுடைய மரவீட்டில் டிலக்சன் அடுப்பெரித்துக்கொண்டிருக்க, நிருஜா செம்மஞ்சள் மேலங்கியோடு ஒரு மேப்பிள் மரத்தடியில் போய் இருந்தாள். மெல்லிய பனி விழுந்திருந்தது. முதலில் தலைக்குள் ஸ்ட்ரீட்காரின் மணிச் சத்தமும் தரிப்பிடங்களின் பெயர்களும் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அவை ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. நேரம் நின்றுவிட்டது. மரங்களுக்கிடையே ஒளி தண்ணீர்போல ஏறி வந்தது. தான் விழித்திருப்பது உண்மையா என்றுகூட அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அந்த ஒளிக்குள் ஒரு கிளை அசைந்தது. அது கிளையல்ல, கொம்பு.

இளம் ஆண்மான். காற்றை முகர்ந்தபடி, யாரோ கனவில் நடத்திக் கூட்டி வருவதுபோல வந்தது. நிருஜா துவக்கை உயர்த்தினாள். சுட்டாள். தோட்டா மானின் முதுகுக்கு மேலால் போய் ஒரு பேர்ச் மரத்தில் பட்டது. சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்ததால் மானுக்குத் திசை தெரியவில்லை. தலையைத் தூக்கி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கன்னத்தை எடுக்காமலே இடது கை போல்ட்டை இழுத்துத் தள்ளியது. மூச்சைப் பாதி விட்டு மறுபடி சுட்டாள். மான் சில அடிகள் நடந்தது, நித்திரை வந்ததுபோலப் பனியில் சாய்ந்தது.

அவள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிட்டப் போனாள். கையுறையைக் கழற்றி அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. காடு முன்போலவே அமைதியாக இருந்தது. யாரும் அழவில்லை. அவளுக்குத்தான் கண்ணீர் வந்தது, ஆனால் அது பயத்தில் வந்ததல்ல.

"நிரு! நிரு!"

டிலக்சன் செம்மஞ்சள் தொப்பி சரிய மரங்களுக்குள்ளால் ஓடி வந்தான்.

"நான் இஞ்சை நிக்கிறன். ஏன் வந்தனீங்கள்? இருக்கச் சொல்லியெல்லோ விட்டனாங்கள்."

அவன் பனியிலேயே குந்திவிட்டான். மூச்சு வாங்கியது. "இரண்டு வெடி கேட்டுது. உமக்கு என்னவோ எண்டு நினைச்சன்."

"முதல் வெடி குறி பிழைச்சுப்போச்சு."

அவன் மானைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு தான் வந்த வழியில் பதிந்திருந்த தன் காலடிகளைப் பார்த்தான்.

"சின்னனிலை வெடி கேட்டால் அம்மா எங்களை மற்றப் பக்கமாத்தான் இழுத்துக்கொண்டு ஓடுவா," என்றான். "சத்தம் கேட்ட பக்கம் நான் ஓடினது இதுதான் முதல் தரம்."

நிருஜா அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். றொய்சன் வந்து, சுடும் திசைக்கு இப்படி ஓடி வரலாமா என்று டிலக்சனை ஏசும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு மூவருமாக மானைச் சுத்தம் செய்து இழுத்து வந்தார்கள்.

டிலக்சன் இன்றுவரை அனுமதி எடுக்கவில்லை. எடுக்கும் எண்ணமும் இல்லை என்கிறான். ஆனால் ஒவ்வொரு நவம்பரும் வருகிறான், இப்போது அவளுக்குப் பக்கத்திலேயே சத்தமில்லாமல் இருக்கிறான். இந்த வருடம் அவர்களுக்கு மான் வரவில்லை. கடைசி நாள் பின்னேரம் பெரிய பெரிய துகள்களாகப் பனி கொட்டத் தொடங்கியது. நிருஜா தோட்டாக்களை எடுத்துவிட்டுத் துவக்கை மரத்தில் சாய்த்தாள். அவன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். கீழே வாவி கரையோரம் உறையத் தொடங்கியிருந்தது. இருட்டும்வரை அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.