வடக்கெல்லையில் ஒரு சமாதி

அந்த வருஷம் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் போகிற போக்கில் சொன்ன சேதிதான் காரணம். எங்கள் பழைய காட்டை வாங்கியவர்கள் அதில் கிணறு வெட்டி மோட்டார் வைக்கப் போகிறார்களாம். அந்தக் காட்டில்தான் எங்கேயோ என் தாத்தாவைப் புதைத்திருந்தது.

"எங்கப்பன் நெஞ்சு மேலயா கடப்பாரையப் போடப் போறானுக?" என்று அப்பா சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார்.

தாத்தாவை அப்பா பார்த்ததே இல்லை. அப்பா வயிற்றில் இருந்தபோதே தாத்தா பேதியில் போய்விட்டார். ஊரே படுத்துக் கிடந்ததால் தூக்க ஆளில்லாமல் சொந்தக் காட்டிலேயே புதைத்தார்கள். அப்பாவைப் பெற்றவள் திண்டுக்கல்லில் இருந்த தாய்வீட்டுக்கு வந்தவள், பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. காட்டைத் தாத்தாவின் அண்ணன் பின்னாளில் விற்றுவிட்டார். அறுபது வயதில் அப்பாவுக்கு இருந்தது ஒரே ஆசை: தன் அப்பாவைப் புதைத்த இடத்தில் ஒருமுறை விளக்கேற்றி இலை போட வேண்டும். கிணறு முந்திக்கொள்ளும்போல் இருந்தது.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் டீச்சர். எழுத்தில் இருப்பது பொய்யாகாது என்று நம்பினேன். நம்பாதவர்களோடு சண்டைக்கும் போவேன். தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடியதில் காட்டை விற்ற கிரையப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. நாலு எல்லையையும் சொல்லும் வரியில் 'வடக்கே சமாதி' என்று இருந்தது. எனக்கு அது போதும். ஆனாலும் அதில் அதற்கு முந்திய பாகப் பத்திரம் ஒன்றைப் பற்றியும் எழுதியிருந்ததால், அதற்கும் நகல் கேட்டுப் பத்திர ஆபீஸில் மனுப் போட்டேன்.

"பழைய புஸ்தகம்மா, தேடணும். செத்தப் பொறுங்க" என்றார் குமாஸ்தா. அவருடைய செத்த நேரம் மூன்று வாரம் என்று அப்போது தெரியவில்லை. இரண்டு தரம் போய்ச் சத்தம் போட்டுப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

அப்பாவால் பொறுக்க முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினோம். காட்டுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். வடக்கு ஓரத்தில் வேம்படியில் கற்கள் புதைந்த ஒரு மேடு; அதற்குப் பக்கத்திலேயே கிணற்றுக்குச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் வைத்த தேங்காய் அங்கே நிமிர்ந்து நின்றதாம்.

"டீச்சரம்மா, இங்கன சமாதி இருக்குன்னு எங்கய்யா சொல்லிக் கேட்டதில்லையே."

"ஒங்கய்யா வாங்குன பத்திரந்தான் சொல்லுது" என்று காகிதத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அப்பாவைப் பார்த்தார். அப்பா அதற்குள் அந்த மேட்டுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார்.

"சரி விடுங்க, பெரியவரு மனசு நோக வேணாம். நடுக்காட்டுலயும் தேங்கா நிமிந்துச்சு. அங்கன வெட்டிக்கிறேன்."

ஆடி அமாவாசைக்கு வந்து படையல் போடுவதாகச் சொல்லிக் கிளம்பினோம். பஸ்ஸில் வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு வரி படிக்கத் தெரிந்ததால் தாத்தாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று அவ்வளவு கர்வம்.

மூன்றாவது வாரம் நகல் கைக்கு வந்தது. ஆபீஸ் வாசலில் நின்றபடியே படித்தேன். தாத்தா இறந்த பிறகு அவர் அண்ணன் பாகத்துக்கு வந்தது காட்டின் தெற்குப் பாதி மட்டும். 'வடக்கே, காலஞ்சென்ற என் தம்பியின் சமாதி.' வடக்குப் பாதியை அவர் பிறகு வேறொரு பங்காளியிடம் வாங்கிச் சேர்த்ததாகக் கிரையப் பத்திரத்திலேயே ஒரு வரி இருந்தது; நான்தான் அதைக் கவனிக்கவில்லை. மொத்தத்தையும் விற்றபோது பத்திரம் எழுதியவர் பரப்பளவை மட்டும் கூட்டிவிட்டு, நாலு எல்லையையும் பழைய பத்திரத்திலிருந்து அப்படியே பார்த்து எழுதிவிட்டார். அப்படியானால் சமாதி இருந்தது வடக்கு ஓரத்தில் அல்ல, நடுக்காட்டில். கிணற்றை அங்கே தள்ளிவிட்டதே நான்தான்.

பள்ளிக்கு லீவுகூடச் சொல்லாமல் பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் அந்தக் குமாஸ்தாவைத் திட்டினேன். பிறகு என்னைத் திட்டிக்கொண்டேன். நான் போனபோது கிணறு ஓர் ஆள் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. காட்டுக்காரர் சிரித்த முகமாக வந்தார்.

"நல்ல வேளை, நீங்களே வந்துட்டீக. நெஞ்சளவு தோண்டயில எலும்பு கெடந்துச்சு. ஒரு ஒடஞ்ச கலயமும் இருந்துச்சு. யாரு எவருன்னு தெரியல. அதுக்காக வீசவா முடியும்? மஞ்சத் துணியில கட்டி, ஒங்க தாத்தா பக்கத்துலயே பொதச்சுட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தொணையா இருக்கட்டும்."

வேம்படியில் பெரிய மேட்டை ஒட்டிப் புதிதாக ஒரு சின்ன மேடு இருந்தது. அதன்மேல் யாரோ ஒரு செவ்வரளிப் பூ வைத்திருந்தார்கள். நான் அழுதேன். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்து அவர் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவரிடமும் சொல்லவில்லை, வீட்டில் அப்பாவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

ஆடி அமாவாசையன்று அப்பா வெள்ளை வேட்டி கட்டி, பெரிய மேட்டுக்கு முன்னால் விளக்கேற்றினார். சோறு, வெஞ்சனம், பாயசம், வடை என்று நான்தான் பரிமாறினேன். கிணற்றில் கிடைத்த யாரோ ஒருவரின் எலும்பு என்று காட்டுக்காரர் அப்பாவிடம் சொல்லியிருந்த சின்ன மேட்டுக்கும் ஓர் இலை போட்டேன். அள்ளி வைக்கும்போதெல்லாம் கை தன்னால் அந்தப் பக்கமே போயிற்று.

அப்பா இரண்டு இலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏத்தா, யாரோ ஒருத்தருக்கு இம்புட்டு வச்சுட்டு, ஒன் தாத்தனுக்குக் கொறச்சுப்புட்டியே."

"அவுகளும் யாருக்கோ அப்பாதானப்பா" என்றேன். அதற்கு மேல் பேசியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

அப்பா குனிந்து, பெரிய மேட்டின் இலையிலிருந்து ஒரு வடையை எடுத்துச் சின்ன மேட்டின் இலையில் தன் கையாலேயே வைத்தார்.